வகுக்க முடியாத இடத்தில்: ஸ்ரீராம் அப்யங்கரின் இயற்கணிதம்

(கசார்வாடியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணிதச் சொற்பொழிவு என்று அழைப்பிதழில் பார்த்துவிட்டுக் கதவுக்குப் பக்கத்தில் இடம் தேடியவர்களுக்கு முதலிலேயே ஓர் உறுதி தருகிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் எதையும் உங்களிடம் கேட்கமாட்டேன். அவையடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. நான் பேச வந்திருக்கும் மனிதர் தாம் செய்வது பள்ளிக்கூட இயற்கணிதம்தான் என்று உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்களிலெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர். அவரைப் பற்றிப் பேசும்போது நான் மட்டும் பெரிய வார்த்தைகளில் ஒளிந்துகொள்வது நியாயமில்லை.

இன்று புனே சிவாஜிநகரில் லோனாவாலா லோக்கல் ஏறினேன். கட்கி, தாபோடி, அடுத்தது கசார்வாடி. வண்டியில் வரும்போது இந்த ஊர்ப் பெயரையே நினைத்துக்கொண்டு வந்தேன். ‘காசார்’ என்றால் மராத்தியில் பித்தளை, வெண்கல வேலை செய்பவர். நம் ஊரில் கன்னார் என்போமே, அவர். சிறுவயதில் எங்கள் ஊர்க் கன்னாரிடம் நசுங்கிய குடத்தைக் கொண்டுபோவேன். உள்ளே ஒரு முட்டுக் கொடுத்து, வெளியே சுற்றிச் சுற்றித் தட்டி ஒடுக்கு எடுப்பார். ஓர் இடத்தில் ஓங்கி அடித்தால் ஒடுக்கு இன்னொரு இடத்துக்கு நகர்ந்துவிடும். எங்கே தட்டினால் எது சீராகும் என்று கைக்குத் தெரிய வேண்டும்.

ஸ்ரீராம் சங்கர் அப்யங்கர் கணிதத்தில் செய்தது ஒடுக்கு எடுக்கிற வேலை. 1930 ஜூலை 22-இல் உஜ்ஜயினியில் பிறந்தவர். தந்தை கணிதப் பேராசிரியர். பம்பாயில் 1951-இல் இளநிலைப் பட்டம் பெற்று, அதே ஆண்டு ஹார்வர்டுக்குப் போனார். அங்கே ஆஸ்கர் ஜாரிஸ்கியின் மாணவரானார். 1955-இல் முனைவர். கொலம்பியா, கார்னெல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்று சில இடங்களில் இருந்துவிட்டு, 1963-இல் இண்டியானா மாநிலத்திலுள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2012 நவம்பர் 2-இல் 82 வயதில் காலமாகும்வரை அதுவே அவருக்குப் பணியிடம். மனசுக்கு இடம் இந்தப் புனே. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஒடுக்கு என்றால் என்ன?

கடைசி வரிசை மாணவர்கள் ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ‘க’ என்று ஓர் எண். அதன் வர்க்கம் க² பக்கவாட்டுத் தூரம். அதன் கனம் க³ உயரம். க-வுக்கு 2 போட்டால் பக்கவாட்டில் 4, மேலே 8. கழித்தல் 2 போட்டால் பக்கவாட்டில் அதே 4, கீழே 8. பூஜ்யம் போட்டால் இரண்டும் பூஜ்யம். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு கீழிருந்து வந்து, பூஜ்யத்தில் கிளி மூக்கு மாதிரிக் கூர்த்து, மறுபடி மேலே போகும். அந்த மூக்கு நுனிதான் ஒடுக்கு. ஆங்கிலத்தில் இதை சிங்குலாரிட்டி என்பார்கள்.

இதை எடுப்பது எப்படி? இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். க³-ஐ க²-ஆல் வகுத்தால் க. இந்தப் புது எண்ணை மூன்றாவது அளவாக வைத்துக்கொண்டால், கோடு தாளைவிட்டு எழுந்து வெளியில் நிற்கும் கம்பியாகிவிடுகிறது. அந்தக் கம்பியில் கூர்ப்பே கிடையாது. வழவழவென்று வளைந்து போகிறது. தாளில் நாம் பார்த்த கிளி மூக்கு அதன் நிழல். ஒரு வகுத்தலில் ஒடுக்கு போய்விட்டது.

கோட்டுக்கு இது எளிது. பரப்புக்கு, அதாவது குடத்தின் மேல்பாகம் மாதிரியான வடிவத்துக்கு, ஓர் ஒடுக்கை எடுத்தால் இன்னொன்று முளைக்கும். இந்த வேலை என்றாவது முடியுமா என்பதுதான் கேள்வி. ஜாரிஸ்கி 1939-இல் பரப்புகளுக்கும் 1944-இல் முப்பரிமாண வடிவங்களுக்கும் முடியும் என்று நிறுவினார். அவருடைய இன்னொரு மாணவர், ஜப்பானியர் ஹெய்சுகே ஹிரோனாகா, 1964-இல் எத்தனை பரிமாணமானாலும் முடியும் என்று காட்டி 1970-இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். இவ்வளவும் நமக்குப் பழக்கமான எண்களின் உலகத்தில்.

பகா எண் உலகம்

இன்னோர் உலகம் இருக்கிறது. அங்கே இரண்டே எண்கள்: 0, 1. இரட்டைப்படை என்றால் 0, ஒற்றைப்படை என்றால் 1. ஒற்றையும் ஒற்றையும் கூட்டினால் இரட்டை. ஆகவே ஒன்றும் ஒன்றும் பூஜ்யம். மாடிப்படி விளக்கின் சுவிட்சை இரண்டு தடவை தட்டினால் விளக்கு பழைய நிலைக்கு வருகிறதல்லவா, அந்தக் கணக்கு. இரண்டுக்குப் பதிலாக 3, 5, 7 என்று எந்தப் பகா எண்ணை வைத்தும் இப்படி ஓர் உலகம் கட்டலாம்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். வெளியே டீக்கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தைப் பாருங்கள். மூலை கிழிந்து, டீக்கறை படிந்திருந்தாலும் பணம் சரியான கணக்குக்குப் போகிறது. அழிந்ததை மீட்கும் அந்த வித்தை, 0, 1 இரண்டையும் விரித்துக் கட்டிய, 256 உறுப்புகள் கொண்ட ஓர் எண்ணுலகத்தில் நடக்கிறது. அங்கேயும் ஒன்றும் ஒன்றும் பூஜ்யம்தான்.

நான் பள்ளியில் படிக்கும்போது (அ+ஆ)² என்பதை அ²+ஆ² என்று எழுதிவிட்டு, நடுவிலுள்ள 2அஆ-வை மறந்து, முழங்கையில் ஸ்கேல் அடி வாங்கியிருக்கிறேன். ஒன்றும் ஒன்றும் பூஜ்யமாகும் உலகத்தில் 2 என்பதே பூஜ்யம். 2அஆ தானே மறைந்துவிடும். அங்கே என் விடை சரி! பிற்காலத்தில் இதைக் கற்றபோது அந்த அடியைத் திருப்பிக் கேட்கலாமா என்று தோன்றியது.

ஆனால் அந்த உலகம் ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் பிடுங்கிக்கொள்ளும். வர்க்கப் பூர்த்தி முறை நினைவிருக்கிறதா? க²+6க என்று இருந்தால் 6-இல் பாதி 3, ஆகவே (க+3)²−9. இந்த உத்தியின் உயிர் ‘பாதி’ என்ற சொல்லில் இருக்கிறது. 2 பூஜ்யமான இடத்தில் பாதி ஏது? பூஜ்யத்தால் வகுக்க முடியாது. மூன்றாம் படிக்கு மூன்றால் வகுக்க வேண்டும், ஐந்தாம் படிக்கு ஐந்தால். ஒவ்வொரு பகா எண் உலகத்திலும் ஏதோ ஒரு படியில் இந்த வழி அடைத்துக்கொள்கிறது. ஒடுக்கு எடுக்கும் முறைகளின் அடியில் இந்த வர்க்கப் பூர்த்திதான் பல வேடங்களில் வேலை செய்கிறது. அதனால் ஜாரிஸ்கியின் வழி பகா எண் உலகத்து வாசலில் நின்றுவிட்டது.

25 வயதுகூட நிரம்பாத அப்யங்கர் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டது இந்த வாசலைத்தான். பகா எண் உலகத்தில் பரப்புகளின் ஒடுக்கை எடுக்கலாம் என்று நிறுவினார். 1956-இல் அது ‘அனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழில் வெளிவந்தது. பத்து ஆண்டு உழைப்புக்குப் பின் 1966-இல் ஒரு நூலாக அடுத்த படி: பகா எண் 5-ஐவிடப் பெரிதானால் முப்பரிமாண வடிவங்களுக்கும் முடியும். விட்டுப்போன 2, 3, 5 ஆகிய மூன்று பகா எண்களுக்கும் சேர்த்துக் காட்ட விஞ்ஞான உலகம் 40 ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. கோசார், பில்தான் என்ற இருவர் 2008, 2009-இல் அதைச் செய்தார்கள். நான்கு பரிமாணமும் அதற்கு மேலும் இன்றுவரை திறந்தே கிடக்கின்றன.

கோட்டை நிமிர்த்தும் தேற்றம்

அப்யங்கரின் பெயரை மாணவர்கள் முதலில் சந்திப்பது வேறோர் இடத்தில். 1975-இல் தம் மாணவர் மோ என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட தேற்றம் அது. ஜப்பானில் சுசூகி என்பவரும் 1974-இல் வேறு வழியில் இதையே கண்டார்.

மறுபடி தாளை எடுங்கள். முன்பு க², க³ என்று இரண்டு கோவைகள் வைத்தோம். இந்த இரண்டையும் கூட்டி, கழித்து, பெருக்கி மட்டும் க-வைத் திரும்ப எடுக்க முடியுமா? முடியாது, எப்படிப் பெருக்கினாலும் படி இரண்டுக்குக் குறையாது. சரி, க² என்றும் க+க⁶ என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதைக் கனப்படுத்தினால் க⁶. அதை இரண்டாவதிலிருந்து கழித்தால் மிச்சம் க. கிடைத்துவிட்டது!

இப்படி க-வைத் திரும்பப் பெற முடிகிற கோடு ஒவ்வொன்றும், பார்வைக்கு எவ்வளவு நெளிந்திருந்தாலும், உண்மையில் ஒரு நேர்கோடுதான். எளிய மாற்றங்களால் அதைக் கம்பியை நிமிர்த்துவதுபோல் நிமிர்த்திவிடலாம். தேற்றம் இதற்கு ஓர் அடையாளம் சொல்கிறது: இரண்டு கோவைகளின் படிகளில் ஒன்று மற்றதை மீதியின்றி வகுக்கும். நம் உதாரணத்தில் படிகள் 2, 6; இரண்டு ஆறை வகுக்கிறது. படிகள் 4, 6 என்று இருந்தால் முயற்சி செய்யவே வேண்டாம், க கிடைக்காது. ஒரு பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிவிடக்கூடிய இந்த வாக்கியத்தின் நிறுவலுக்குள் உட்கார்ந்திருப்பது என்ன தெரியுமா? வர்க்கப் பூர்த்தியின் விரிந்த வடிவம். அதற்கு வகுத்தல் வேண்டும். ஆகவே பழக்கமான எண்களில்தான் தேற்றம் நிற்கும்.

ஒன்றும் ஒன்றும் பூஜ்யமான உலகத்தில் என்ன ஆகும்? க⁴ என்றும் க+க⁶ என்றும் எடுங்கள். படிகள் 4, 6. ஒன்று மற்றதை வகுக்கவில்லை. இரண்டாவதை வர்க்கப்படுத்துங்கள். சாதாரணக் கணக்கில் க²+2க⁷+க¹² வரும். நடுவிலுள்ள 2க⁷ இங்கே பூஜ்யம். மிச்சம் க²+க¹². முதலாவதைக் கனப்படுத்தினால் க¹². கழித்தால் க². அதைக் கனப்படுத்தினால் க⁶. க+க⁶-இலிருந்து அதைக் கழித்தால், இதோ க! நான் அடி வாங்கிய அதே தவறு, ஒரு தேற்றத்தைக் கவிழ்த்துவிடுகிறது. இது நேர்கோடுதான், ஆனால் எந்த எளிய மாற்றத்தாலும் நிமிராத நேர்கோடு. இத்தகைய கோடுகளுக்கு செக்ரே, நகாதா இருவரின் பெயர்கள் வழங்குகின்றன.

இந்த நிமிராத கோடு வெறும் வேடிக்கைப் பொருளாக நின்றுவிடவில்லை. ஜாரிஸ்கியின் பெயரால் வழங்கும் ஒரு கேள்வி உண்டு: ஒரு வடிவத்தோடு ஒரு கோட்டைப் பெருக்கினால் சாதாரண வெளி கிடைக்கிறது என்றால், அந்த வடிவமும் சாதாரண வெளிதானா? இருபுறமும் ஒரே காரணியை அடித்துவிடலாமா என்பதுதான் சுருக்கம். வடிவம் கோடாக இருக்கையில் அடிக்கலாம் என்று 1972-இல் அப்யங்கர், ஈக்கின், ஹைன்சர் மூவரும் காட்டினார்கள். பரப்புக்கும் சரியென்று பின்னால் தெரிந்தது. மூன்று பரிமாணத்தில் யாருக்கும் தெரியவில்லை. அசனூமா என்ற ஜப்பானியர் 1987-இல் நிமிராத கோட்டை உள்ளே வைத்து ஒரு முப்பரிமாண வடிவம் கட்டினார். கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்த நீனா குப்தா, அந்த வடிவத்தையே எடுத்து, பகா எண் உலகத்தில் காரணியை அடிக்க முடியாது என்று 2014-இல் நிறுவினார். 2021-இல் அவருக்கு ராமானுஜன் பரிசு கிடைத்தது.

ஆய்வின் தாக்கம் என்று எதைச் சொல்கிறோம்? கட்டுரை எத்தனை பேரால் மேற்கோள் காட்டப்பட்டது என்று எண்ணுவது ஒரு வழி. என் அளவுகோல் வேறு. ஒரு தேற்றம் தான் பொய்த்துப்போகும் எல்லையையும் துல்லியமாகக் காட்ட வேண்டும். அந்த எல்லைக்கோட்டில் அடுத்த தலைமுறை வந்து கடைக்கால் போட வேண்டும். அப்யங்கர்–மோ தேற்றம் அப்படிப்பட்டது.

37 ஆண்டு காத்திருந்த ஊகம்

1957-இல் அவர் ஒரு கட்டுரையில் ஊகம் ஒன்றை எழுதிவைத்தார். பகா எண் உலகத்தில் ஒரு நேர்கோட்டின் மேல் எத்தனை விதமான மூடுகைகள், அதாவது அதன் மேல் அடுக்கடுக்காகப் படியும் வேறு வளைவுகள், போடலாம், அவற்றின் சமச்சீர்க் குலங்கள், அதாவது அந்த அடுக்குகளை இடம்மாற்றும் வழிகளின் தொகுப்புகள், எவை என்பது பற்றியது. பழக்கமான எண்களில் இதற்கு இடமே இல்லை. கோடு அப்படிப்பட்ட மூடுகை எதையும் ஏற்காது. பகா எண் உலகத்திலோ ஏராளம். எந்தெந்தக் குலங்கள் வரும் என்று அவர் பட்டியல் சொன்னார். 1990-இல் செர் என்ற கணிதர் ஒரு பகுதியை நிறுவினார். 1994-இல் ரெய்னோ கோட்டுக்கும், ஹார்பேட்டர் மற்ற வளைவுகளுக்கும் முழுவதையும் நிறுவி, 1995-இல் இருவரும் கோல் பரிசு பெற்றார்கள். ஊகம் சொன்னவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்? ஒவ்வொரு குலத்துக்கும் சமன்பாட்டைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். ‘இருக்கிறது’ என்று நிறுவினால் போதாது, எடுத்துக் காட்டு என்பது அவர் குணம்.

இந்தக் குணத்துக்கு அவர் விலையும் கொடுத்தார். அவர் காலத்தில் இயற்கணித வடிவியல் முழுக்கக் கிரோத்தென்டீக் என்ற கணிதரின் அருவமான மொழிக்கு மாறியது. அதற்கு முன்பே ஆந்த்ரே வெய்ல், நீக்கல் முறையின் மிச்சசொச்சங்களையும் இனி நீக்கிவிடலாம் என்ற பொருளில் எழுதியிருந்தார். நம் பிள்ளைகள் ஒருங்கமை சமன்பாடுகளில் செய்யும் அதே நீக்கல் முறை! அப்யங்கர் அதற்குப் பாட்டாகவே எழுதிப் பதில் கொடுத்தார். 1976-இல் அவர் எழுதிய வரலாற்றுக் கட்டுரை 1978-இல் சோவெனே பரிசு பெற்றது. காலம் யார் பக்கம் நின்றது? கணினி வந்ததும் நீக்கல் முறை திரும்பி வந்தது. இயந்திர பாகங்களைத் திரையில் வரைவதற்கு வளைவையும் பரப்பையும் கோவைகளால் எழுத வேண்டும். 1980-களில் சந்திரஜித் பஜாஜுடன் சேர்ந்து அப்யங்கர் எழுதிய கட்டுரைகள் அதற்காகத்தான். பர்டியூவில் கணிதத்தோடு கணினியியல், தொழிற்பொறியியல் துறைகளிலும் அவர் பேராசிரியர். இந்த அவையில் பிம்ப்ரி, போசரி தொழிற்சாலைகளில் கம்ப்யூட்டரில் வரைந்து சிஎன்சி இயந்திரத்தில் கடைபவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் திரையில் இரண்டு பரப்புகள் வெட்டிக்கொள்ளும் விளிம்பு இந்த இயற்கணிதத்துக்குச் சொந்தம்.

தோல்வியையும் சொல்லிவிட வேண்டும். கோவைகளால் செய்த மாற்றத்தைக் கோவைகளாலேயே திருப்ப முடியுமா என்பது பற்றி கெல்லர் 1939-இல் எழுப்பிய ஜாக்கோபியன் ஊகத்தில் அப்யங்கர் பல பத்தாண்டுகள் முட்டினார். 2008-இலும் அதைப் பற்றி மூன்று பகுதிக் கட்டுரை எழுதினார். மோ இரண்டு மாறிகளில் நூறாம் படிவரை சரிபார்த்தார். ஊகம் இன்னும் நிற்கிறது. ஆனால் அதை உலகறியச் செய்ததில் அவர் பங்கு பெரிது.

நம்மவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி 1958-இல் தளத்தின் மேலான கற்றைகள் பற்றிய செர்ரின் கேள்விக்கு இரண்டு மாறிகளில் விடை சொன்னார். சென்னையில் பிறந்த சி. பி. ராமானுஜம் 1971-இல் தளத்தை இடத்தியலால் அடையாளம் காணும் வழியைக் கொடுத்தார். 36 வயதில் மறைந்தார். அப்யங்கர் கோடுகளை நிமிர்த்திய அதே தளத்தில்தான் இவர்களும் நின்று வேலை செய்தார்கள். பம்பாய் டாடா ஆராய்ச்சி நிறுவனம் சேஷாத்ரியையும் ராமானுஜத்தையும் வளர்த்தது. 1977-இல் அப்யங்கரின் விரிவுரைகளை நூலாக்கியதும் அதே நிறுவனம்தான்.

எரண்டவணேயில் ஒரு கட்டடம்

புனேவுக்கு வருகிறேன். 1976-இல் அப்யங்கர் இந்த நகரத்தில் பாஸ்கராச்சார்ய பிரதிஷ்டான் என்ற கணித நிறுவனத்தைத் தொடங்கினார். புனே பல்கலைக்கழகக் கணிதத் துறைக்கும் தலைமை ஏற்று உழைத்தார். நிறுவனத்துக்கு வைத்த பெயர் 12-ஆம் நூற்றாண்டில் ‘லீலாவதி’யும் ‘பீஜகணித’மும் எழுதிய பாஸ்கரரின் பெயர். ஆராய்ச்சியோடு பள்ளிப் பிள்ளைகளை ஒலிம்பியாட் தேர்வுகளுக்குப் பழக்குவதும் அங்கே நடக்கிறது. ஒரு கணிதமேதை தம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு கூரை கட்டுவது நம் நாட்டில் அடிக்கடி நடப்பதில்லை.

இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம் வைத்து முடிக்கிறேன். ஆண்டுக்கொரு சொற்பொழிவோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கோடை விடுமுறையில் இந்தப் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் வகுப்பு வையுங்கள். பாடம் ஒன்றே ஒன்று போதும்: வர்க்கப் பூர்த்தி. எப்படிச் செய்வது என்று பள்ளி சொல்லித் தந்துவிடும். ஏன் செய்கிறோம், எங்கே அது செல்லாது என்பதைத் தமிழில் சொல்லுங்கள். பிள்ளை தப்பு விடை எழுதினால், அது எந்த உலகத்தில் சரி என்று கேட்டுவிட்டுப் பிறகு சிவப்பு மையைத் தொடுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. கசார்வாடியில் மெட்ரோ ஏறி, டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் வண்டி மாறி, நள் ஸ்டாப்பில் இறங்குங்கள். எரண்டவணேப் பகுதியில், லா காலேஜ் ரோட்டிலிருந்து பிரியும் தாம்லே சாலையில் பிரதிஷ்டானின் கட்டடம் இருக்கிறது. ஒரு நாள் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள்.